கூடுதலாக நான்கு விரற்கடை

நாற்காலியிலிருந்து எழுவதை ஒரு வேலை என்றே பெரும்பாலானவர்கள் நினைப்பதில்லை. உட்கார்ந்திருக்கும்போது வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள், எழுந்து போகிறோம், அவ்வளவுதான். ஆனால் அதற்குள் உடம்பு செய்துமுடிக்கும் காரியங்கள் ஏராளம். பாதங்கள் முழங்காலுக்குப் பின்னே நகர்கின்றன. முதுகு முன்னால் சாய்ந்து, மூக்கு கால்விரல்களுக்கு நேராக வருகிறது. எடை பிட்டத்திலிருந்து பாதங்களுக்கு மாறும் அந்தக் கணத்தில் தொடையின் முன்புறத் தசைகள் ஏறத்தாழ முழு உடம்பையும் தூக்குகின்றன. பிறகு இடுப்பும் முழங்காலும் சேர்ந்து நீள, ஆள் நிமிர்ந்து நிற்கிறார். எல்லாம் சேர்த்து இரண்டு விநாடி.

வயது ஏற ஏற அந்த இரண்டு விநாடி நீள்கிறது. ஐம்பதைத் தாண்டியபின் தசையின் அளவு ஆண்டுக்குச் சுமார் 1 முதல் 2 சதவீதம் குறைகிறது. வலு அதைவிட வேகமாகக் குறைகிறது. எழுபத்தைந்து வயதுக்காரர் ஒருவர் எழ முயன்று, பாதியிலேயே மறுபடி உட்கார்ந்து, தொடையில் கை ஊன்றி ‘முருகா’ என்று இரண்டாம் முறை எம்பி எழுகிறார் என்றால், அவருக்குப் புதிதாக ஏதோ நோய் வந்துவிட்டது என்று பொருளில்லை. இருக்கையின் உயரத்துக்கும் தொடையின் வலுவுக்கும் இடையே இருந்த கணக்கு இடிக்கத் தொடங்கியிருக்கிறது. அந்தக் கணக்கை இரண்டு பக்கமிருந்தும் நேர் செய்யலாம். தசைக்குப் பயிற்சி கொடுப்பது ஒரு வழி. அது அவசியம், ஆனால் மாதக்கணக்கில் பிடிக்கும். இன்னொரு வழி, இருக்கையை உயர்த்துவது. அதை இன்றைக்கே செய்துவிடலாம்.

எழுந்து நிற்பதைப் பற்றி அதுவரை வெளியான ஆய்வுகளை 2002இல் யான்சென், புஸ்மன், ஸ்டாம் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார்கள். இருக்கையை உயர்த்தினால் முழங்கால் மூட்டில் தேவைப்படும் திருப்புவிசை 60 சதவீதம் வரை குறைகிறது. இடுப்பு மூட்டில் 50 சதவீதம் வரை குறைகிறது. கைப்பிடியை ஊன்றி எழுந்தால் இடுப்பின் சுமை பாதியாகிறது. எழுவதற்குச் சிரமப்படும் முதியவருக்கு இருக்கை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்பதற்கும் ஓர் அளவு அதில் கிடைத்தது: முழங்காலுக்குக் கீழே உள்ள கால் நீளத்தில் 120 சதவீதம். கால் நீளம் 40 சென்டிமீட்டர் என்றால் இருக்கை 48 சென்டிமீட்டர் வேண்டும். நம் வீடுகளில் இருக்கும் வெஸ்டர்ன் டாய்லெட் பீங்கானின் உயரமோ பெரும்பாலும் 40 சென்டிமீட்டரை ஒட்டித்தான் இருக்கிறது. குறைவது 8 சென்டிமீட்டர், பழைய அளவில் சொன்னால் நான்கு விரற்கடை. அந்த நான்கு விரற்கடையைத் தருவதற்கென்றே பீங்கானின் மேல் பொருத்தும் பிளாஸ்டிக் இருக்கைகள் கடைகளில் கிடைக்கின்றன. அதைப் பொருத்திய பிறகு, மகளையோ மருமகனையோ கூப்பிடாமல் கழிவறை போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய தொடைத் தசை நேற்று இருந்தது போலத்தான் இன்றும் இருக்கிறது.

அன்றாட வாழ்க்கைக்கான துணைக்கருவிகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்த ஒரே கணக்குதான். ஒரு வேலை ஒருவரால் முடியாமல் போகிறது என்றால், அந்த வேலையின் எந்த இடத்தில் அவர் சிக்குகிறார் என்று பார்க்க வேண்டும். எட்டவில்லையா, பிடி நிற்கவில்லையா, வலிக்கிறதா, நடுங்குகிறதா, கண் தெரியவில்லையா? சிக்கும் இடம் தெரிந்துவிட்டால் கருவி பெரும்பாலும் எளிமையானதாகவே இருக்கும். அது தெரியாமல் வாங்கும் கருவி, விலை எவ்வளவாக இருந்தாலும், கட்டிலுக்கு அடியில்தான் போய்ச் சேரும்.

வேலைகளை இப்படிப் பிரித்துப் பார்க்கும் முறைக்கு மருத்துவத்தில் உறுதியான வடிவம் கொடுத்தவர்களில் சிட்னி கட்ஸ் முக்கியமானவர். அமெரிக்காவின் க்ளீவ்லாண்ட் நகரில் பெஞ்சமின் ரோஸ் மருத்துவமனையில், இடுப்பெலும்பு முறிந்து வந்த முதியவர்களை அவரும் உடன் பணியாற்றியவர்களும் தொடர்ந்து கவனித்தார்கள். எலும்பு கூடியதா என்பதைக் காட்ட எக்ஸ்ரே இருந்தது. ஆனால் அந்த மனிதர் வீட்டுக்குப் போய்த் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்வாரா என்பதைக் காட்ட எதுவும் இல்லை. 1963இல் கட்ஸ் குழு ஓர் அளவுகோலை வெளியிட்டது. குளிப்பது, உடுத்துவது, கழிவறையைப் பயன்படுத்துவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, மலசலத்தை அடக்குவது, சாப்பிடுவது என்று அதில் ஆறே வேலைகள். இன்றைக்கும் உலகமெங்கும் முதியோர் மருத்துவம் பயன்படுத்தும் அளவுகோல் அது. 1969இல் லாட்டன், பிராடி இருவரும் தொலைபேசி, கடைக்குப் போவது, சமையல், வீட்டு வேலை, துணி துவைப்பது, பயணம், மருந்து, பணம் என்று வீட்டை நடத்தும் எட்டு வேலைகளை இன்னொரு பட்டியலாகச் சேர்த்தார்கள்.

கட்ஸ் கண்டதில் ஒரு விஷயம் தனியாகக் கவனிக்கத் தக்கது. ஆறு வேலைகளும் ஒரு வரிசையில் கைநழுவுகின்றன. மீண்டு வரும்போது அந்த வரிசை தலைகீழாகிறது. குழந்தை முதலில் கற்பது சாப்பிட. முதியவர் கடைசி வரை விடாமல் வைத்திருப்பதும் அதையே. முதலில் போவது குளியல்.

குளியலறையில் ஒரு நிமிடம் நின்று பார்த்தால் காரணம் புரியும். தரை ஈரம். சோப்பு நுரையில் கண் மூடியிருக்கிறது. உடம்பு சமநிலைக்குக் கண்ணையும் நம்பியிருப்பதால் பாதித் துணை அப்போதே போய்விட்டது. வாளியிலிருந்து நீர் மொள்ளக் குனிய வேண்டும், தலையில் ஊற்ற நிமிர வேண்டும். பாதத்தைத் தேய்க்க ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் குனிந்து நிமிரும்போது தலை வேறு சுற்றும். ஆரோக்கியமான முப்பது வயதுக்காரருக்கே சறுக்கும் இடம் இது. வேலையைப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் விடை இருக்கிறது. கால்களில் ரப்பர் மாட்டிய குளியல் நாற்காலி ஒன்று இருந்தால் ஒற்றைக் காலில் நிற்கும் வேலை ஒழிகிறது. வாளியை உயரமான முக்காலியில் வைத்தாலோ கையில் பிடிக்கும் ஷவர் பொருத்தினாலோ குனிவது ஒழிகிறது. நீண்ட காம்பு வைத்த தேய்ப்பான் பாதத்துக்கு எட்டும்.

பிடிமானக் கம்பியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் அந்த இடத்தில் இருப்பது துண்டு போடும் கம்பி. விழப்போகிறவர் கை நீட்டிப் பிடிப்பதும் அதைத்தான். இரண்டு சிறு திருகாணிகளோடு அது சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வருகிறது. உண்மையான பிடிமானக் கம்பி ஆளின் எடை மொத்தத்தையும் தாங்க வேண்டும். அமெரிக்க விதிமுறை 250 பவுண்டு, அதாவது 113 கிலோ அளவுக்கு விசையைத் தாங்கச் சொல்கிறது. கம்பிக்கும் சுவருக்கும் இடையே ஒன்றரை அங்குல இடைவெளி வேண்டும் என்றும் அது சொல்கிறது. விரல்கள் சுற்றிப் பிடிக்க அந்த இடம் போதும். அதைவிட அகலமாக விட்டால், கை வழுக்கும்போது முன்கை உள்ளே புகுந்து சிக்கி எலும்பு முறியும். இவ்வளவு சிறிய அளவுக்குப் பின்னாலும் யாரோ ஒருவரின் முறிந்த கை இருந்திருக்க வேண்டும்.

இப்படி வீட்டைத் திருத்துவதால் உண்மையிலேயே பலன் உண்டா? 2023இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு 22 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. தடுக்கும் பொருட்களை அகற்றுவது, கம்பி பொருத்துவது, வெளிச்சம் போடுவது போன்ற வீட்டுத் திருத்தங்கள் முதியவர்கள் விழுவதை 26 சதவீதம் குறைத்தன. அண்மையில் விழுந்தவர்கள், அன்றாட வேலைகளுக்கு உதவி தேவைப்படுகிறவர்கள் என்று ஆபத்து கூடுதலாக உள்ளவர்களிடம் அது 38 சதவீதம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஆண்டுக்கு 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். இதோடு சேர்த்துப் பார்த்தால் ஒரு கம்பி, ஒரு இரவு விளக்கு, வாசற்படியோரம் சுருண்டு கிடக்கும் ஒரு மிதியடியை எடுத்துப் போடுவது எல்லாம் எவ்வளவு பெரிய மருத்துவம் என்பது விளங்கும்.

குளியலறையை விட்டு வெளியே வந்தால் கைத்தடி. மனிதன் கண்ட துணைக்கருவிகளில் மிகப் பழையவற்றில் ஒன்று, பலரும் தவறாகப் பிடிப்பதும் அதையே. வலது இடுப்பில் வலி என்றால் வலது கையில் தடியை ஊன்றுகிறார்கள். பிடிக்க வேண்டியது இடது கையில். வலிக்காத பக்கம் ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும்.

60 கிலோ எடையுள்ள ஒருவர் வலது காலில் மட்டும் நிற்கும் கணத்தை எடுத்துக்கொள்ளலாம். நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் இந்தக் கணம் வருகிறது. ஊன்றிய காலின் எடை போக மீதி 50 கிலோ, இடுப்பு மூட்டிலிருந்து ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, உடம்பை இடது பக்கம் சாய்க்கப் பார்க்கிறது. சாயாமல் இழுத்துப் பிடிப்பது இடுப்பின் வெளிப்பக்கத் தசை. அது மூட்டிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. பாதித் தொலைவு என்பதால் இரண்டு மடங்கு இழுக்க வேண்டும்: 100 கிலோ. உடம்பின் 50, தசையின் 100, ஆக மூட்டின் மேல் 150 கிலோ. இப்போது இடது கையில் தடியைக் கொடுத்து 5 கிலோ அளவுக்கு ஊன்றச் சொல்வோம். தடி இடுப்பு மூட்டிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. அந்த நீளத்தின் பலத்தால், 5 கிலோ ஊன்றல் தசையின் இழுப்பில் 40 கிலோவைக் குறைத்துவிடுகிறது. மூட்டின் சுமை 150இலிருந்து 105க்கு இறங்குகிறது. நிஜ உடம்பில் இந்த அளவுகள் ஆளுக்கு ஆள் மாறும், ஆனால் கணக்கின் போக்கு மாறாது. வலிக்கும் பக்கமே தடியைப் பிடித்தால் நெம்பும் நீளம் போய்விடுகிறது.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் வால்டர் பிளவுண்ட் 1956இலேயே இந்தக் கணக்கை விளக்கி, கைத்தடியை வீசி எறியாதீர்கள் என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். தடியின் உயரத்துக்கும் அளவு உண்டு. செருப்பு போட்டு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், மணிக்கட்டின் மடிப்பு வரும் இடத்தில் தடியின் பிடி இருக்க வேண்டும். தாத்தா விட்டுச்சென்ற தடி பேரனுக்குப் பொருந்துவது தற்செயல்தான். அடியில் உள்ள ரப்பர் தேய்ந்து வழுவழுப்பானால் உடனே மாற்ற வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். இவ்வளவையும் சொல்லித்தர ஐந்து நிமிடம் ஆகும். தடியை விற்கும் கடையில் அந்த ஐந்து நிமிடம் கிடைப்பதில்லை.

இனி கை. கூனி, சாவ் என்ற இரு ஆய்வாளர்கள் 1977இல் கட்டைவிரலின் மூட்டுகளில் விழும் விசையைக் கணக்கிட்டார்கள். கட்டைவிரல் நுனியால் ஒரு கிலோ அழுத்தத்தில் ஒரு பொருளைக் கிள்ளிப் பிடித்தால், மணிக்கட்டை ஒட்டிய அடிமூட்டில் சுமார் 12 கிலோ அழுத்தம் விழுகிறது. முழுக் கையால் இறுக்கிப் பிடித்தால் அது 120 கிலோ வரை போகும். மூட்டுத் தேய்மானம் உள்ள பெண்கள் சாவியைத் திருப்பவும், பால் பாக்கெட்டைக் கிழிக்கவும், ஊக்கு மாட்டவும் பல்லைக் கடிப்பது ஏன் என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் கிடையாது. மெல்லிய பிடியை இறுகக் கிள்ள வேண்டியிருக்கிறது. பிடி பருமனாக இருந்தால் அதே வேலையை உள்ளங்கை எடுத்துக்கொள்கிறது.

இந்த உண்மையை உலகச் சந்தைக்குக் கொண்டுபோனது ஒரு தோல் சீவி. பெட்சி ஃபார்பருக்குக் கைமூட்டுகளில் வாதம். அவரும் கணவர் சாம் ஃபார்பரும் பிரான்சின் தென்பகுதியில் விடுமுறையைக் கழித்தபோது, சமையலறையில் இருந்த உலோகத் தோல் சீவியைப் பிடிக்க முடியாமல் பெட்சி தவித்தார். சாம் சமையல் சாமான் நிறுவனம் நடத்தி ஓய்வுபெற்றவர். நியூயார்க்கின் ஸ்மார்ட் டிசைன் நிறுவனத்தோடு சேர்ந்து, பருமனான நீள்வட்டப் பிடி, வழுக்காத மெத்தென்ற கறுப்பு ரப்பர், பெருவிரல் பதியும் இடத்தில் வளைந்து கொடுக்கும் மெல்லிய வரிகள் என்று ஒரு புதிய சீவியை உருவாக்கினார். ஆக்ஸோ குட் கிரிப்ஸ் என்ற பெயரில் 1990இல் அது விற்பனைக்கு வந்தது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அதைத் தன் சேகரிப்பில் வைத்திருக்கிறது.

இந்தக் கதை பல ஆண்டுகளாக, மனைவியின் வலியைக் கண்டு இரங்கிய கணவரின் கதையாகவே சொல்லப்பட்டு வந்தது. பிடி கைக்கு இதமாக இருக்க வேண்டும் என்ற யோசனையே தன்னுடையதுதான் என்றும், வரலாறு தன்னை வாதம் வந்த பெண்ணாக மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும் போலிருக்கிறது என்றும் பெட்சி பின்னாளில் வருத்தப்பட்டிருக்கிறார். அவர் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. எங்கே வலிக்கிறது என்பது அந்தக் கைக்குத்தான் தெரியும். அதை வடிவமாக மாற்றத் தொடங்கியதும் அந்தக் கைதான்.

ஃபார்பர் தம்பதிக்கு முன்பே சுவீடனில் மரியா பெங்க்ட்சனும் ஸ்வென்-எரிக் யூலினும் 1970களில் ஒரு ரொட்டிக் கத்தியை வடிவமைத்திருந்தார்கள். அதன் பிடி ரம்பத்தின் பிடிபோல அலகுக்குக் குத்தாக நிற்கும். சாதாரணக் கத்தியில் மணிக்கட்டு வளைந்துகொண்டே இருக்கும். இதில் மணிக்கட்டு நேராக நிற்க, தோளும் முழங்கையும் அறுக்கின்றன.

தமிழ்ச் சமையலறையில் இந்த யோசனையின் இன்னொரு வடிவம் வெகுகாலமாக இருக்கிறது. அரிவாள்மனையில் அலகு நிலையாக நிற்க, காய்தான் அதை நோக்கி நகர்கிறது. கத்தியை விரலால் இறுக்கிப் பிடிக்கும் வேலையே இல்லை. ஒற்றைக் கையால் சமைப்பவர்களுக்காகச் செய்யப்படும் வெட்டுப்பலகைகளும், காயை முள்ளில் குத்தி நிறுத்தி வைத்து, இதே மாதிரி ஒன்றை நிலைநிறுத்தி மற்றதை நகர்த்தும் உத்தியில்தான் வேலை செய்கின்றன. அரிவாள்மனை பயன்படாமல் போவது கையால் அல்ல, முழங்காலால்: தரையில் உட்கார்ந்து எழ முடியாமல் போகிறது. தேங்காய்த் துருவி இந்தச் சிக்கலை முன்பே தாண்டிவிட்டது. மேடை விளிம்பில் திருகிப் பொருத்தி, நின்றபடியோ ஸ்டூலில் உட்கார்ந்தோ கைப்பிடியைச் சுற்றும் துருவி இன்று எல்லாப் பாத்திரக் கடையிலும் உண்டு. குழாயும் அப்படித்தான். குமிழ் வைத்த பழைய குழாயைத் திருக இரண்டரை சென்டிமீட்டர் ஆரம்தான் கிடைக்கும்; பத்து சென்டிமீட்டர் நெம்புகோல் வைத்த குழாய்க்கு அதில் கால்வாசி விசை போதும், விரலே வேண்டாம். மருத்துவர்கள் முழங்கையால் தள்ளித் திறப்பது இதைத்தான்.

பருமனான பிடிக்கு வேலூரில் இன்னொரு காரணம் கிடைத்தது. 1946இல் அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் குறுகிப்போவது ஏன் என்று தேடினார். நோய் சதையைத் தின்கிறது என்றுதான் அதுவரை நம்பிவந்தார்கள். துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் தன்னால் திறக்க முடியாமல் அவர் திணறியபோது, ஒரு சிறுவன் சாவியை வாங்கி ஒரே திருப்பாகத் திருப்பிவிட்டான். அவன் விரல் எலும்பு தெரியும் அளவுக்கு வெட்டுப்பட்டிருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை. வலி தெரியாததால் எவ்வளவு இறுக்கலாம் என்ற எல்லையும் கைக்குத் தெரிவதில்லை. சிகிச்சையில் இருந்தவர்கள் தச்சு வேலை செய்த பட்டறையில் ஒவ்வொரு காயமும் எந்தக் கருவியால், எந்த இடத்தில் வந்தது என்று பிராண்டும் உடனிருந்தவர்களும் பார்க்கத் தொடங்கினார்கள். வலிக்கும் கைக்குப் பருமனான பிடி வலியைக் குறைக்கிறது. வலியே தெரியாத கைக்கு அது அழுத்தத்தைப் பரப்பிக் கொடுத்து விரலைக் காப்பாற்றுகிறது. அதே வேலூரில், 1954இல் விபத்தில் முதுகுத்தண்டு சேதமுற்ற டாக்டர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி அறுவை சிகிச்சைகள் செய்தார். அவர் முன்னின்று உருவாக்கிய மறுவாழ்வு மையம் 1966 முதல் பாகாயத்தில் இயங்கி வருகிறது.

உடுத்துவதில் ஒரு விதி இருக்கிறது. பக்கவாதம் வந்தவர் சட்டை போடும்போது பாதித்த கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அந்தக் கையைக் கடைசியில் எடுக்க வேண்டும். இதற்குக் காசு செலவில்லை. பாவாடை நாடாவை ஒற்றைக் கையால் முடிய முடியாது, எலாஸ்டிக் போட்டால் முடிச்சே வேண்டாம். ரவிக்கைக்கு ஊக்குக்குப் பதிலாக வெல்க்ரோ. ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் என்ற சுவிஸ் பொறியாளர், 1941இல் நடைபோய்த் திரும்பியபோது தன் உடையிலும் நாயின் ரோமத்திலும் ஒட்டிக்கொண்டிருந்த விதை முட்களைப் பார்த்துக் கண்டெடுத்த பொருள் அது. தமிழ்நாட்டில் அது ‘ஒட்டிக்கோ கட்டிக்கோ’ வேட்டியாக ஜவுளிக்கடைக்கு வந்தது. வேட்டி கட்டத் தெரியாத மாப்பிள்ளைகளை மனத்தில் வைத்து விற்கப்பட்ட அந்த வேட்டி, இடது கை செயலிழந்த பெரியவர் ஒருவருக்குத் தானே உடுத்திக்கொண்டு கல்யாணத்துக்குப் போகும் வழியாகவும் இருக்கிறது. அதைக் கட்டிக்கொண்டு போகிறவரை யாரும் நோயாளியாகப் பார்ப்பதில்லை. மருத்துவக் கருவிக் கடையில் விற்கும் எந்தப் பொருளாலும் அவ்வளவு எளிதில் அந்த மதிப்பைத் தர முடியாது.

நடமாட்டத்துக்கான இரண்டு பெரிய கருவிகள் அவை தேவைப்பட்டவர்களிடமிருந்தே வந்தன. 1918இல் சுரங்க விபத்தில் முதுகு உடைந்த பொறியாளர் ஹெர்பர்ட் எவரெஸ்ட், காருக்குள் வைத்துக்கொண்டு போக முடியாத தன் சக்கர நாற்காலியோடு போராடி, நண்பர் ஹாரி ஜென்னிங்ஸுடன் சேர்ந்து 1933இல் மடக்கு நாற்காலியைச் செய்தார். இருக்கைக்குக் கீழே கத்தரிக்கோல்போல மடங்கும் அந்தக் குறுக்குச் சட்டம் இன்றைய மருத்துவமனை நாற்காலிகளிலும் இருக்கிறது. சுவீடனின் ஐனா விஃபால்க் செவிலியர் படிப்பின்போது இளம்பிள்ளைவாதத்தால் பாதிக்கப்பட்டவர். தூக்கித் தூக்கி வைக்கும் வாக்கரால் அவருக்கு ஆகவில்லை. சக்கரமும் பிரேக்கும், களைத்தால் உட்கார இருக்கையும் வைத்த ரோலேட்டரை 1978இல் அவர் உருவாக்கினார். ஐரோப்பிய நகரங்களில் கடைவீதிக்குப் போகிற மூதாட்டிகள் இன்று அதைத்தான் தள்ளிக்கொண்டு போகிறார்கள்.

நடுங்கும் கைக்கு வந்த கரண்டி மின்னணுவியலின் வரவு. பார்கின்சன் நடுக்கம் விநாடிக்கு 4 முதல் 6 முறை அசையும். சாம்பாரை வாய்க்குக் கொண்டுபோகும் அசைவோ மெதுவானது. இந்த வேக வித்தியாசத்தை வைத்து, வேண்டிய அசைவு எது, வேண்டாத அசைவு எது என்று உணரிகள் பிரித்தறிய முடியும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பயின்ற அனுபம் பாதக் உருவாக்கிய லிஃப்ட்வேர் கரண்டியின் கைப்பிடிக்குள் இருந்த சிறு மோட்டார்கள், கை இடப்பக்கம் ஆடினால் கரண்டியை வலப்பக்கம் ஆட்டின. கை நடுங்கிக்கொண்டே இருக்க, கரண்டி ஏறக்குறைய நிலையாக நிற்கும். சோதனையில் நடுக்கம் 70 சதவீதம் வரை குறைந்தது. 2014இல் கூகுள் அதைச் செய்த நிறுவனத்தை வாங்கியது. அப்போது விலை 295 டாலர். அழகான பொறியியல்தான். ஆனால் நம்மூரில் அதற்கு முன் முயன்று பார்க்க வேண்டியவை வேறு: கனமான கரண்டி, இரண்டு பக்கமும் பிடி வைத்த டம்ளர், விளிம்பு உயர்ந்த தட்டு, மேசையில் முழங்கையை ஊன்றிச் சாப்பிடும் பழக்கம். இவை கைகொடுக்காத நடுக்கத்துக்கு மோட்டார் கரண்டி வரட்டும்.

இவ்வளவு இருந்தும் கருவிகள் மூலையில் கிடப்பது ஏன்? பிலிப்ஸ், ஜாவோ என்ற இருவர் 1993இல் அமெரிக்காவில் 227 பேரிடம் கேட்டார்கள். வாங்கிய கருவிகளில் 29.3 சதவீதம் முற்றிலும் கைவிடப்பட்டிருந்தன. முதல் காரணங்களில் ஒன்று, தேர்ந்தெடுக்கும்போது பயன்படுத்தப் போகிறவரின் கருத்தைக் கேட்காதது. சுலபமாகக் கிடைத்துவிட்டதும் ஒரு காரணமாக இருந்தது. கருவி சரியாக வேலை செய்யாதது, நாளடைவில் தேவை மாறியது ஆகியவை மற்றவை. நம் வீடுகளில் இது எப்படி நடக்கும் என்று ஊகிக்கச் சிரமமில்லை. வெளியூர் மகன் ஆன்லைனில் வாக்கர் வாங்கி அனுப்புகிறார். அம்மா நடக்கும் வழியில் இரண்டு வாசற்படிகள் இருக்கின்றன, கொல்லைக் கழிவறையின் கதவு வாக்கரைவிடக் குறுகல். அவரை யாரும் கேட்கவில்லை. அன்போடு அனுப்பிய வாக்கரில் துணி காய்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பத்தில் ஒருவருக்கு மேல் அறுபதைத் தாண்டியவர். இந்தியாவில் வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள முதியவர்களுக்கு இலவசக் கருவிகள் தரும் ராஷ்ட்ரீய வயோஸ்ரீ திட்டம் 2017 ஏப்ரல் 1 அன்று நெல்லூரில் தொடங்கியது. கான்பூரிலுள்ள அரசு நிறுவனமான அலிம்கோ கருவிகளைச் செய்து முகாம்களில் வழங்குகிறது. தொடக்கப் பட்டியலில் இருந்தவை: கைத்தடி, முழங்கை ஊன்றுகோல், வாக்கர், மூன்று நான்கு கால் தடிகள், காது கேட்கும் கருவி, சக்கர நாற்காலி, செயற்கைப் பல், மூக்குக் கண்ணாடி. எல்லாமே வேண்டியவைதான். ஆனால் கட்ஸ் பட்டியலில் முதலில் கைநழுவும் குளியலுக்கென்று அதில் ஒன்றும் இல்லை. கமோடு பொருத்திய நாற்காலி பின்னால்தான் சேர்ந்தது. பிடிமானக் கம்பியை முகாமில் கொடுத்தனுப்பவும் முடியாது. யாராவது வீட்டுக்குப் போய், எந்தச் சுவர் தாங்கும் என்று தட்டிப் பார்த்து, அவரை உட்கார்ந்து எழச் சொல்லி, கை போகும் இடத்தைக் குறித்து, துளையிட்டு மாட்ட வேண்டும்.

ஆளுக்கு அளவெடுத்துச் செய்வது இந்தியாவில் முடியாத காரியமில்லை. சென்னை ஐஐடியில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையிலான மறுவாழ்வுக் கருவி ஆய்வு மையத்திலிருந்து பிறந்த நியோமோஷன், பயன்படுத்துபவரின் உடல் அளவுகளுக்கேற்ப நியோஃப்ளை சக்கர நாற்காலியைச் செய்து தருகிறது. வீடு தேடிப் போகும் ஆட்களும் தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டுபோகும் பெண் பணியாளர்கள் தெருத்தெருவாக நடக்கிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்கிறது. அவர்கள் பையில் ஓர் அளவுநாடாவும் இருந்தால் போதும். பெரியவரின் முழங்காலுக்குக் கீழே எத்தனை சென்டிமீட்டர், கழிவறை இருக்கை எத்தனை, வாசற்படி எத்தனை, கதவின் அகலம் எத்தனை, படுக்கையிலிருந்து கழிவறைக்குப் போகும் வழியில் இரவில் விளக்கு உண்டா, எந்த வேலைக்கு மற்றவரைக் கூப்பிட வேண்டியிருப்பது அவருக்கு அதிகம் உறுத்துகிறது என்று ஒரு தாளில் ஆறு கேள்விகள். கடைசிக் கேள்விக்குப் பதிலை அவரிடமே கேட்டு எழுத வேண்டும், பக்கத்தில் நிற்கும் பிள்ளைகளிடம் அல்ல.